‘ஆள் இல்லை’ என்று சர்வர் சொன்னால்

சர்வர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளே! லினக்ஸ் சர்வர் பயனரின் பெயரை எல்டாப் டைரக்டரியில் தேடும் இடத்தில் ஒரு பிழை வரும், போகும். காலையில் முதல் லாகின் தோற்கும், மறுமுறை ஆகிவிடும். அதைத் துரத்திக் கற்றதைச் சொல்கிறேன்.

1. ரீஸ்டார்ட் செய்யக் கை பரபரக்கும். பொறுங்கள். பிழையோடு தடயமும் போய்விடும். முதலில் லாக்கை எடுத்து வையுங்கள்.

2. எத்தனை மணிக்கு, எந்த சர்வரில், யாருக்கு? ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதுங்கள். பத்து வரி சேர்ந்தால் ஒழுங்கு தெரியும்.

3. கோப்புப் பட்டியலில் உரிமையாளர் பெயருக்குப் பதில் வெறும் எண் நின்றால் உஷாராகுங்கள். அந்த எண்ணையே ‘கெட்என்ட்’ கட்டளையால் கேளுங்கள். உங்கள் புரோகிராம் போகும் வழியிலேயே அதுவும் போகும். ‘எல்டாப்சர்ச்’ நேராக டைரக்டரிக்குப் போவதால் நடுவழிக் கோளாறு அதில் தெரியாது.

4. கேஷை மறக்காதீர்கள். சர்வரில் பெயர்களைத் தேடித் தரும் எஸ்எஸ்எஸ்டி, அமைப்பை மாற்றாதவரை, கிடைத்த பெயரை 5400 விநாடி வைத்திருக்கும். ‘இல்லை’ என்ற பதிலையும் 15 விநாடி வைத்திருக்கும். ‘இப்போது சரியாகிவிட்டது’ என்று நீங்கள் பார்த்தது கேஷாக இருக்கலாம்.

5. டைரக்டரி சர்வர்கள் மூன்று இருந்தால் மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். உங்களுடையது ஆக்டிவ் டைரக்டரி என்றால், ஒரு தளத்திலிருந்து மறு தளத்துக்கு நகல் போக, இயல்பு இடைவெளியே 180 நிமிடம். நேற்று சேர்ந்தவர் எங்கும் இருப்பார். இப்போதுதான் சேர்ந்தவர் ஒன்றில் மட்டும் இருக்கலாம்.

6. இரவெல்லாம் சும்மா கிடந்த இணைப்பைச் சந்தேகியுங்கள். ஃபயர்வால் சொல்லாமல் அறுத்திருக்கும். ஆக்டிவ் டைரக்டரியும் 900 விநாடி பேச்சில்லாவிட்டால் துண்டிக்கும். லினக்ஸின் கீப்அலைவோ, இயக்கியிருந்தாலும், இயல்பாக 7200 விநாடி கழித்துத்தான் எட்டிப் பார்க்கும்.

7. கதவைத் தட்டிப் பதில் வராதது வேறு. ‘அப்படி யாரும் இல்லை’ என்று பதில் வருவது வேறு. சி மொழியில் பெயர் தேடும் ஃபங்ஷன் இரண்டுக்கும் ‘நல்’ என்றே திருப்பும். வித்தியாசம் ‘எர்நோ’வில் இருக்கும், அழைக்கும் முன் அதைப் பூஜ்யமாக்கினால்தான் நம்பிப் படிக்கலாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலையை விட்டுப் போனவர்களின் ஹோம் கோப்புறைகளை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். ஓர் இரவு டைரக்டரி பதில் சொல்லவில்லை. இருப்பவர்களையும் இல்லாதவர்களாக எண்ணி அவர்கள் கோப்புறைகளையும் ஸ்கிரிப்ட் அழித்தது. பேக்கப்பிலிருந்து மீட்டெடுக்க இரண்டு நாள் ஆயிற்று. ஒரே ஒரு ‘இல்லை’யை நம்பி எதையும் அழிக்காதீர்கள்.