கம்பெனி பாலிசி மறுமையில் பதிலாகுமா?

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

நம்முடைய ஸஃப்புகளில் கடை முதலாளிகள் இருக்கிறார்கள். கம்பெனிகளில் மேனேஜராக, கணக்காளராக இருப்பவர்கள் இருக்கிறார்கள். கல்லூரி நிர்வாகிகளும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், அதே கடைகளில் சம்பளத்திற்கு நிற்பவர்களும், அதே கல்லூரிகளில் கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே இமாமின் பின்னால்தான் ஸுஜூது செய்கிறோம்.

ஆனால் வெளியே சென்றால் என்ன கேட்கிறோம்? வேலையில் சேரும்போது வாங்கி வைத்த ஒரிஜினல் சர்டிபிகேட்டை, விலகும்போது தர மறுக்கிறார்கள். கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்தி வைக்கிறார்கள். கல்லூரியில் சேர்ந்த சில நாட்களிலேயே விலகிய பிள்ளைக்குக் கட்டிய பணம் திரும்பி வருவதில்லை. ஏன் என்று கேட்டால், 'அது கம்பெனி பாலிசி, மேனேஜ்மென்ட் முடிவு, நான் என்ன செய்ய முடியும்?' என்கிறார்கள்.

இந்தப் பதில் உலகத்தில் ஓடும். அல்லாஹ்வின் முன்னால் ஓடுமா? இதைத்தான் இன்று நாம் சிந்திக்க இருக்கிறோம்.

நிறுவனம் என்பது யார்?

சட்டத்தின் பார்வையில் நிறுவனம் ஒரு தனி நபர். அது சொத்து வாங்கும், கடன் படும், வழக்குப் போடும். 1896ஆம் ஆண்டு லண்டனில், சாலமன் என்ற காலணி வியாபாரியின் வழக்கில், கம்பெனி வேறு, அதை நடத்துபவர் வேறு, கம்பெனியின் கடனுக்கு அவருடைய சொந்தச் சொத்து பொறுப்பாகாது என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இன்றைய கம்பெனிச் சட்டங்கள் பெரும்பாலும் இந்த அடிப்படையில்தான் நிற்கின்றன.

இது ஷரீஅத்திற்கு முற்றிலும் புதிய விஷயமும் அல்ல. வக்ஃபுக்குச் சொத்து உண்டு, அதற்குக் கடனும் வரும். பைத்துல்மாலுக்கும் அப்படித்தான். இவை எதுவும் மனிதர்கள் அல்ல. 1992ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய கம்பெனியை, அதனுடன் கொடுக்கல் வாங்கல் செய்வோருக்கு அது தெரிந்திருக்கும் நிலையில், தடையில்லை என்றே முடிவு செய்தது.

ஆனால் சகோதரர்களே! வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்பது பொருளுக்குத்தான். பாவத்திற்கு வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொருவரும் கியாமத் நாளில் தன்னந்தனியாகவே தன்னிடம் வருவார்கள் என்று சூரா மர்யமின் 95ஆம் வசனத்தில் அல்லாஹ் அறிவிக்கிறான். அங்கே கம்பெனி வராது, டிரஸ்ட் வராது, லெட்டர்பேடும் சீலும் வராது. கையெழுத்துப் போட்ட கை மட்டும்தான் வரும்.

நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், ஒவ்வொருவரும் உங்கள் பொறுப்பைக் குறித்து விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தில் வரும் பிரபலமான ஹதீஸ் நமக்கெல்லாம் தெரியும். அதில் ஆட்சியாளரைச் சொன்ன நபி (ஸல்) அவர்கள் அத்துடன் நிறுத்தவில்லை. எஜமானின் பொருளைக் கவனிக்கும் பணியாளரையும் சொன்னார்கள். எனவே முதலாளி மட்டுமல்ல, அவர் சொன்னதை டைப் செய்து அனுப்பும் அதிகாரியும் அந்தக் கேள்விக்குள் வருகிறார். படைத்தவனுக்கு மாறு செய்யும் விஷயத்தில் படைப்புக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை.

சர்டிபிகேட் ஓர் அமானத்

அமானத்துகளை உரியவர்களிடம் ஒப்படைத்துவிடுமாறு அல்லாஹ் சூரா அந்நிஸாவின் 58ஆம் வசனத்தில் கட்டளையிடுகிறான். இந்த வசனம் எந்தச் சூழலில் இறங்கியது என்பதற்குத் தஃப்ஸீர் நூல்களில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது.

ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. கஃபாவின் சாவி வழிவழியாக உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களின் குடும்பத்திடம் இருந்தது. அன்று அந்தச் சாவி நபி (ஸல்) அவர்களின் கைக்கு வந்தது. அந்தச் சிறப்பு எங்களுக்குக் கிடைக்கட்டும் என்று நபியவர்களின் குடும்பத்தாரிலிருந்தே கேட்கப்பட்டது. ஊரே அவர்கள் கையில் இருந்த நாள்! வைத்துக்கொண்டால் கேட்பதற்கு ஆளில்லை. ஆனாலும் உஸ்மான் இப்னு தல்ஹாவை அழைத்து, சாவியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள் அண்ணலார். இன்றுவரை அந்தச் சாவி அதே குடும்பத்தாரிடம்தான் இருக்கிறது.

அதிகாரம் இருக்கும்போது திருப்பிக் கொடுப்பதுதான் அமானத். பலவீனனுக்குப் பயந்து யாரும் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. ஓர் இளைஞன் பதினைந்து, பதினாறு வருடம் படித்துச் சேர்த்த சர்டிபிகேட்டுகள் உங்கள் பீரோவில் இருக்கின்றன. அவனால் உங்களை எதுவும் செய்ய முடியாது. அந்த இடத்தில்தான் உங்கள் அமானத் சோதிக்கப்படுகிறது.

சிலர் கேட்கலாம்: 'பாதியில் ஓடிவிட்டால் நஷ்டம் எங்களுக்குத்தானே? அடைமானமாக வைத்திருக்கிறோம்' என்று. ஃபிக்ஹில் அடைமானத்திற்கு, அதாவது ரஹ்னுக்கு நிபந்தனைகள் உண்டு. கடன் இருக்க வேண்டும். கடன் அடையாவிட்டால் விற்று எடுக்கத்தக்க பொருளாக அது இருக்க வேண்டும். இன்று வேலையில் சேர்ந்தவனுக்கு உங்களிடம் என்ன கடன் இருக்கிறது? அவனுடைய மார்க் ஷீட்டை யாரிடம் விற்பீர்கள்? உங்களுக்கு அதில் ஒரு பைசா பயனில்லை. அவனுக்கோ அது இல்லாமல் அடுத்த வேலை இல்லை. இதற்குப் பெயர் அடைமானம் அல்ல, நெருக்கடி கொடுத்தல்.

நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். 2018 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட அறிவிக்கையில், மாணவர்களின் அசல் சான்றிதழ்களைச் சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், எந்தக் கல்வி நிறுவனமும் அவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லப்பட்டது. விலகும் மாணவருக்கு எத்தனை நாட்களுக்குள் விலகினால் எவ்வளவு கட்டணம் திருப்பித் தர வேண்டும் என்றும் அதில் வகுக்கப்பட்டது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். அதில் நிர்வாகச் செலவுக்காக 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேற்படாமல் கழித்துக்கொள்ளலாம்.

அதே நேரத்தில் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற சூரா அல்மாயிதாவின் முதல் வசனம் முதலாளிக்கு மட்டும் இறங்கவில்லை. நிறுவனம் செலவு செய்து பயிற்சி கொடுத்த பிறகு, நோட்டீஸ் காலத்தையும் மதிக்காமல் சொல்லாமல் காணாமல் போவதும் அமானத்தை மீறுவதுதான். அப்படி நஷ்டம் ஏற்பட்டால் நிறுவனம் நியாயமான இழப்பீட்டைக் கேட்கலாம். ஆனால் அதைக் கேட்கும் வழி வேறு, சர்டிபிகேட்டைப் பிடித்து வைக்கும் வழி வேறு.

அல்லாஹ்வே எதிர்வாதியாக வரும் வழக்கு

புகாரியில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் குத்ஸி ஒன்று நம்மை நடுங்க வைக்க வேண்டும். மூன்று பேருக்கு எதிராகக் கியாமத் நாளில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுகிறான். தன் பெயரால் வாக்குக் கொடுத்து மோசம் செய்தவன், சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் கிரயத்தைத் தின்றவன், கூலிக்கு ஆளை வைத்து வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவன். மனிதனையே விற்றுத் தின்றவனுக்குப் பக்கத்தில் கூலி கொடுக்காதவன் நிற்கிறான் என்றால், இது எவ்வளவு பெரிய பாவம் என்று யோசித்துப் பாருங்கள்!

வேலை ஒப்பந்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் குர்ஆனிலேயே முன்மாதிரி உண்டு. மத்யனின் பெரியவர் மூஸா (அலை) அவர்களிடம் எட்டு ஆண்டுகள் என்று காலத்தைத் தெளிவாகச் சொல்கிறார். பத்தாக ஆக்கினால் அது உம்முடைய விருப்பம் என்கிறார். உமக்குச் சிரமம் கொடுக்க நான் விரும்பவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். சூரா அல்கஸஸின் 27ஆம் வசனத்தில் இதைக் காணலாம். காலம் தெளிவு, கட்டாயம் எது விருப்பம் எது என்பதில் தெளிவு, அதற்கும் மேலாக நல்லெண்ணம். நம் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்களில் எத்தனையில் இந்த மூன்றும் இருக்கின்றன?

சட்டம் சொல்லித்தான் நாற்காலி போட வேண்டுமா?

ஜவுளிக்கடைகளில், நகைக்கடைகளில் பெண்களும் ஆண்களும் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்ததை நாம் பார்த்திருக்கிறோம். 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று விதி வந்தது. நல்ல சட்டம். ஆனால் ஒரு முஃமினான முதலாளிக்கு இதைச் சட்டமா சொல்ல வேண்டும்?

உங்கள் பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், சக்திக்கு மீறிய சுமையை அவர்கள் மீது ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் துணை நில்லுங்கள் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் சொல்லிவிட்டார்களே! சட்டம் என்பது இதற்குக் கீழே இறங்காதே என்று போடப்பட்ட கோடு. தக்வா அந்தக் கோட்டுக்கு மேலே தொடங்குகிறது. சட்டப்படி சரியாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்பவர் வாசற்படியில்தான் நிற்கிறார், இன்னும் வீட்டுக்குள் வரவில்லை.

கல்வி நிறுவனமும் பொய்ச் சாட்சியும்

கல்வி நிலையங்களுக்குப் பொறுப்பு இன்னும் அதிகம். பக்தாதில் ஹிஜ்ரி 459இல், அதாவது 1067இல், புகழ்பெற்ற நிஜாமிய்யா மதரஸா திறக்கப்பட்டது. பாடம் நடத்த இமாம் அபூஇஸ்ஹாக் அஷ்ஷீராஸி (ரஹ்) அவர்கள் நியமிக்கப்பட்டார்கள். திறப்பு நாளில் கூட்டம் காத்திருந்தது, இமாம் வரவில்லை. அபகரிக்கப்பட்ட இடத்தில் எப்படிப் பாடம் நடத்துவீர்கள் என்று வழியில் ஒருவர் கேட்ட கேள்வியே அவர்களைத் திருப்பி அனுப்பியது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். சுமார் இருபது நாட்களுக்குப் பிறகு அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாலும், தொழுகை நேரம் வந்தால் வேறு பள்ளிவாசலுக்குச் சென்று தொழுதார்களாம். அரசின் ஆதரவு பெற்ற பெரிய கல்லூரி, உயர்ந்த பதவி! ஆனாலும் இந்தச் செங்கல் யாருடையது என்ற கேள்வி அவர்களை விடவில்லை.

இன்று நம் கல்லூரிகள் எந்தச் செங்கல்லால் கட்டப்படுகின்றன? கட்டாய நன்கொடை வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1992லேயே சட்டம் வந்துவிட்டது. ரசீது இல்லாமல் வாங்கும் பணத்திற்கு அல்லாஹ்விடம் ரசீது இல்லாமல் போகுமா?

2024 ஜூலையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற பொறியியல் கல்லூரிகளில், ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது வெளிவந்து பெரும் பேச்சானது. இதை வெறும் ஆவணத் தவறு என்று கடந்துவிட முடியாது. பெரும் பாவங்களை எண்ணிச் சொல்லும்போது சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியைச் சொல்லும் இடத்தில் எழுந்து உட்கார்ந்து, திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இனி நிறுத்திக்கொள்ளக் கூடாதா என்று தோழர்கள் நினைக்கும் அளவுக்குச் சொன்னார்கள். இல்லாத ஆசிரியரை இருப்பதாகக் காட்டிக் கையெழுத்திடுவது பொய்ச் சாட்சி அல்லாமல் வேறென்ன? அந்தக் கையெழுத்தை நம்பித்தானே ஒரு தகப்பன் நிலத்தை விற்றுப் பிள்ளையைச் சேர்க்கிறான்?

நன்கொடை கொடுத்தால் தீர்ந்துவிடுமா?

2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் தொழிலாளியின் பணத்தை வைத்துக்கொண்டு செய்யும் தர்மம் யாருடைய தர்மம்?

திவாலானவன் யார் தெரியுமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பணம் இல்லாதவன் என்றார்கள் தோழர்கள். இல்லை, தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு வருவான். ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பான், ஒருவரின் பொருளைத் தின்றிருப்பான். அவனுடைய நன்மைகளெல்லாம் அவர்களுக்குப் பங்கிடப்படும், அவை தீர்ந்தால் அவர்களின் பாவங்கள் இவன் மீது சுமத்தப்படும் என்று விளக்கினார்கள். இந்த உலகில் திவாலானால் நீதிமன்றம் கடனைக் குறைக்கலாம். அங்கே கடன் கொடுத்தவர் விட்டுத்தந்தால் தவிர ஒரு ரூபாயும் குறையாது.

பாதிக்கப்பட்டவருக்கு யார் துணை?

நபித்துவத்திற்கு முன்பு வெளியூர் வியாபாரி ஒருவர் மக்காவில் சரக்கை விற்றார். வாங்கிய ஆஸ் இப்னு வாயில் ஊரின் பெரும் புள்ளி, பணத்தைக் கொடுக்கவில்லை. வியாபாரி அபூகுபைஸ் மலை மீது ஏறி நின்று முறையிட்டார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் நல்லவர்கள் கூடி, அநீதி இழைக்கப்பட்டவருக்கு அவருடைய ஹக் கிடைக்கும்வரை ஒன்றாக நிற்போம் என்று உறுதி எடுத்தார்கள். இதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல். வாலிபராக இருந்த நம் நாயகம் (ஸல்) அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்பும், அப்படி ஒன்றுக்கு அழைத்தால் இப்போதும் செல்வேன் என்றார்கள்.

எனவே உரிமையைக் கேட்டுத் தொழிலாளர் துறைக்கோ, பல்கலைக்கழகத்திற்கோ, நீதிமன்றத்திற்கோ செல்வது பொறுமைக்கு மாற்றமானதல்ல. அதற்கு முன் ஜமாஅத்தில் உள்ள பெரியவர்கள் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசித் தீர்த்தால் அது இன்னும் சிறப்பு. முதலாளி நமக்குச் சந்தா தருபவராயிற்றே என்று நாம் வாய்மூடி இருந்துவிடக் கூடாது.

சகோதரர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பாருங்கள். யாருடைய சர்டிபிகேட்டாவது இருந்தால் நாளைக்கே கொடுத்துவிடுங்கள். பாக்கிச் சம்பளம் இருந்தால் கணக்கை முடியுங்கள். திருப்பித் தர வேண்டிய கட்டணம் இருந்தால் போன் செய்து அழைத்துக் கொடுங்கள். நீங்கள் ஊழியராக இருந்து, தவறான காகிதத்தில் கையெழுத்துக் கேட்கப்பட்டால், மரியாதையோடு மறுத்துவிடுங்கள். ரிஸ்க் கொடுப்பவன் ரஸ்ஸாக், மேனேஜ்மென்ட் அல்ல.

யா அல்லாஹ்! எங்கள் கைகளில் உள்ள பிறருடைய ஹக்குகளை மரணத்திற்கு முன்பே ஒப்படைக்கும் பாக்கியத்தைத் தருவாயாக! எங்கள் தொழில்களிலும் கல்வி நிலையங்களிலும் ஹலாலையும் பரக்கத்தையும் தருவாயாக! உரிமை இழந்து நிற்பவர்களுக்கு உதவி செய்வாயாக! மஹ்ஷரில் யாருடைய வழக்கிலும் குற்றவாளியாக நிற்காமல் எங்களைப் பாதுகாப்பாயாக!

ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!