பட்டயத்துக்கு அடங்காத நோய்

வேத பகுதி: 2 சாமுவேல் 24



இம்முறை நாம் தியானிக்கும் அதிகாரத்தில் ஒரு படைக் கணக்கும் ஒரு கொள்ளைநோயும் அடுத்தடுத்து வருகின்றன. தம் ராஜ்யத்தில் பட்டயம் பிடிக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று அறிய தாவீது ராஜா விரும்பினார். படைத்தலைவன் யோவாபே தடுத்துப் பார்த்தும் ராஜா கேட்கவில்லை. ஒன்பது மாதமும் இருபது நாளும் தேசமெங்கும் சுற்றி எண்ணினார்கள். இஸ்ரவேலில் 8 லட்சம் பேர், யூதாவில் 5 லட்சம் பேர். கணக்கு கைக்கு வந்த பின்பு கொள்ளைநோய் வந்தது. 70,000 பேர் மாண்டார்கள். பதின்மூன்று லட்சம் பட்டயங்கள் இருந்தும் ஒரு வீட்டின் வாசலைக்கூட அந்நோயினின்று காக்க முடியவில்லை.

இங்கே ஓர் எச்சரிப்பு. நோயாளியின் தலைமாட்டில் நின்று, "இது உன் பாவத்தின் பலன்" என்று சொல்ல இவ்வதிகாரம் யாருக்கும் உரிமை தரவில்லை. தவறு செய்தவர் அரசர், மாண்டவர்கள் ஜனங்கள். ஆளுகிறவர்களின் பெருமைக்கு எளியவர்களே விலை கொடுக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே காண்கிறோம். நம் நாட்டின் வரலாறும் இதற்குச் சாட்சி.

1. பட்டயம் நோயைத் தேடியபோது

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது. சில மாதங்களில் அது பூனாவுக்கும் பரவியது. இந்தியாவிலிருந்து வரும் கப்பல்களையும் சரக்குகளையும் பிற நாடுகள் தடுத்துவிடுமோ என்ற அச்சம் ஆங்கில அரசாங்கத்தை நெருக்கியது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் அவசரமாக நிறைவேறியது. பூனாவில் வால்டர் ரான்ட் என்ற அதிகாரியின் தலைமையில் பிளேக் கமிட்டி அமைந்தது. மார்ச்சு மாதத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட இராணுவத்தினர் வீடு வீடாகச் சோதனையிட இறங்கினர்.

நோயை நிறுத்தவேண்டும் என்ற நோக்கம் தவறல்ல. ஆனால் அது நிறைவேற்றப்பட்ட விதத்தைப் பாருங்கள். சமையலறையிலும் பூஜை அறையிலும் சிப்பாய்கள் நுழைந்தார்கள். காய்ச்சல்காரர் மருத்துவமனைக்கும், உடனிருந்தவர்கள் தனிமை முகாமுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். துணிமணிகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் எரிக்கப்பட்டன. விளைவு என்ன? ஜனங்கள் நோயை அல்ல, சிப்பாயைக் கண்டு பயந்தார்கள். நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். பிணங்களையும் மறைத்தார்கள். நோயோ மறைவிடங்களிலேயே பெருகிற்று.

இதில் மனதை உறுத்தும் ஒன்று உண்டு. பிளேக்கைப் பரப்புவது எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி என்பதை பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டறிந்தது 1898-ல்தான். அதாவது, சிப்பாய்கள் மனிதரைத் தேடிக்கொண்டிருந்தபோது, உண்மையான எதிரி அவர்கள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

1897 ஜூன் 22 இரவு, விக்டோரியா மகாராணியின் வைரவிழாக் கொண்டாட்டத்திலிருந்து திரும்பிய ரான்ட் சுடப்பட்டார். உடன் சென்ற அயர்ஸ்ட் என்ற இராணுவ அதிகாரி உயிரிழந்தார். ரான்ட் ஜூலை 3-ல் இறந்தார். சாபேகர் சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பால கங்காதர திலகர் தம் பத்திரிகையில் வெளிவந்த எழுத்துக்களுக்காக இராஜதுரோகக் குற்றம் சாட்டப்பட்டு 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஒரு நோயைத் துரத்தப் போன பட்டயம் ஒரு தேசத்தின் அரசியலையே மாற்றிவிட்டது. நோயோ போகவில்லை. அடுத்துவந்த ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் பிளேக்கில் மாண்டனர்.

2. நோயாளியின் பக்கம் நின்றவர்கள்

அதே பூனாவில் அதே நாட்களில் வேறு வழியில் நடந்தவர்களும் உண்டு. பெண் கல்விக்காக உழைத்த சாவித்திரிபாய் புலே, தம் மகன் நடத்திய சிகிச்சை முகாமில் பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். அந்நோய் அவரையும் பற்றியது. 1897 மார்ச்சு 10-ல் இறந்தார்.

நம் சகோதரி பண்டித ரமாபாய், பிளேக் மருத்துவமனையிலும் முகாமிலும் பெண்களுக்குப் போதிய பாதுகாப்பில்லை என்று 1897 மே மாதத்தில் "பம்பாய் கார்டியன்" பத்திரிகைக்கு எழுதினார். கவர்னர் அதை மறுத்தார். ஆளுகிறவர்களும் கிறிஸ்தவர்கள், தாமும் கிறிஸ்தவர் என்பதால் அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. பஞ்சத்தில் தப்பிய பெண்பிள்ளைகளைக் கேட்காவ்ங் கிராமத்தில் சேர்த்து, தங்கவும் கற்கவும் இடம் கொடுத்தார். அதுவே முக்தி மிஷன்.

அந்த 1897-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 மார்ச்சில் கொரோனா நாட்களிலும் நடைமுறைக்கு வந்தது. அப்போது எங்கள் வார்டுக்கு மிகவும் தாமதமாக வந்த ஒரு தாயாரை மறக்க இயலாது. எட்டு நாள் காய்ச்சலை அவர் மறைத்திருந்தார். "வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள், பேரப்பிள்ளைகளைத் தெருவே ஒதுக்கிவிடும் ஐயா" என்றார். மருந்து இருந்தது, பிராணவாயு இருந்தது, காலம் கடந்துவிட்டது. மூன்றாம் நாள் அவரை இழந்தோம். சட்டம் அவசியமே, ஆனால் நம்பிக்கை இல்லாத இடத்தில் சட்டம் நோயாளியை வாசலுக்குக் கொண்டுவருவதில்லை.

3. தாவீது செய்த இரண்டு காரியங்கள்

முதலாவது, பழியை ஜனங்கள்மேல் போடாமல் தம்மேல் ஏற்றுக்கொண்டார். நோய் பரவும்போது "இந்தச் சாதியாரால், இந்த மதத்தாரால், இந்தத் தெருவாரால்" என்று கைகாட்டும் வழக்கம் எக்காலத்திலும் உண்டு. தேவனுடைய மனுஷன் அந்தக் கூட்டத்தில் சேருவதில்லை.

இரண்டாவது, எபூசியனாகிய அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் இலவசமாகவே தர முன்வந்தான். ராஜாவோ ஐம்பது சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினார். தமக்குச் செலவில்லாத ஒன்றைக் கர்த்தருக்குச் செலுத்த அவருக்கு மனமில்லை. எந்த மனிதர் படையை எண்ணிப் பெருமைப்பட்டாரோ, அவரே இப்போது கைப்பொருளை எண்ணிக் கொடுக்கிறார். எண்ணுகிற கை அதே கைதான். எண்ணும் காரணமே மாறியது.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கைகள் கட்டிலாகவும் மருந்தாகவும் மாறுவதை நீங்கள் அறிவீர்கள். அவை நம்பிக்கையாகவும் மாறுகின்றன. "அங்கே போனால் விரட்டமாட்டார்கள்" என்று ஒரு கிராமம் சொல்லுமானால், அந்தச் சொல் ஒரு நாளில் வந்ததல்ல. அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று நாம் அறியோம். வருமுன்பே சேர்த்து வைக்கவேண்டிய மருந்து அந்த நம்பிக்கையே.

சிந்திக்க:

1. நம் தெருவில் ஒரு வீட்டில் தொற்றுநோய் என்று கேட்டால், முதலில் நாம் செய்வது என்ன?
2. நமக்குச் செலவில்லாததை மட்டும் கர்த்தருக்குக் கொடுத்து வருகிறோமா?

ஜெபிக்க: ஆளுகிறவர்களுக்கு இரக்கமுள்ள ஞானம் உண்டாக, பயத்தினால் நோயை மறைத்திருப்போர் துணிந்து சிகிச்சைக்கு வர, இரவுப் பணியிலுள்ள நம் செவிலியர் சோர்ந்துபோகாதிருக்க.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக.