எண்ணெய் ஒழுகாத புல்லட் உண்டு

"எண்ணெய் ஒழுகவில்லையா? அப்படியென்றால் வண்டியில் எண்ணெய் இல்லை." புல்லட் வைத்திருக்கும் எவரும் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பார். மேல்சித்தாமூரிலும் செஞ்சியைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களிலும் இந்தப் பேச்சை நம்பி, எஞ்சினுக்கு அடியில் ஒரு தகரத் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பவர்கள் பலர். பழைய வண்டிகளைப் பற்றிய நம்பிக்கைகளில் இதுதான் அதிகக் கெடுதல் செய்கிறது. ஒழுகுவது வண்டியின் பிறவிக்குணம் என்று முடிவு செய்துவிட்டால், பிறகு ஏன் ஒழுகுகிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பார்த்தால் காரணம் தெரியும். வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் எண்ணெய் இருக்கும் இடம், கிராங்க்கேஸின் பின்பக்கத்திலேயே வார்க்கப்பட்ட ஓர் அறை. ஒரு பம்ப் அங்கிருந்து எண்ணெயை உள்ளே அனுப்புகிறது. இன்னொரு பம்ப் கீழே வடிந்ததை இழுத்து மீண்டும் அந்த அறைக்கே கொண்டுவருகிறது. வண்டி வாரக்கணக்கில் சும்மா நின்றால், அறையில் இருக்கும் எண்ணெய் பம்ப் வழியே மெல்லக் கசிந்து கிராங்க் சுழலும் பகுதிக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் அளவுக்கம்பியை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைந்ததுபோலத்தான் காட்டும். உடனே அரை லிட்டர் ஊற்றுகிறோம். எஞ்சினைக் கிளப்பியதும் இறங்கிய எண்ணெய் மேலே திரும்புகிறது. இப்போது அளவுக்கு மீறிய எண்ணெய். அது பிரீதர் வழியே வெளியே வந்து செயினிலும் பின் டயரிலும் படிகிறது. குறை வண்டியில் இல்லை, அளந்த நேரத்தில் இருக்கிறது. சில நிமிடங்கள் எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்திய கையோடு அளவு பார்க்க வேண்டும். இந்த ஒரு பழக்கத்திலேயே பாதித் தட்டுகள் காய்ந்துவிடும்.

அடுத்தது, இடதுபக்க பிரைமரி செயின் கவர். அதைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு நட். ஓரத்தில் கசிகிறதே என்று அந்த நட்டை மேலும் மேலும் முறுக்கினால், அலுமினியக் கவர் நடுவில் அமுங்கி ஓரம் தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். செய்ய வேண்டியது ரப்பர் சீலை மாற்றிவிட்டு, நட்டை அளவோடு இறுக்குவது. பிரீதரின் ரப்பர் வால்வு காய்ந்து வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பிஸ்டன் இறங்கும்போது உள்ளே அழுத்தப்படும் காற்றுக்குப் போக வழி வேண்டும். வழி அடைபட்டால் அது எந்த கேஸ்கட்டையும் தள்ளிக்கொண்டு வரும். கிராங்க்கேஸின் இரண்டு பாதிகளையும் ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்பிப் பிரித்த வண்டியாக இருந்தால், அந்தக் கீறலில் வாழ்நாள் முழுக்கக் கசியும். எந்தப் பசை தடவினாலும் தற்காலிகம்தான்.

"பதினைந்து வருஷம் ஆனால் எடைக்குத்தான் போடணும்"

இதை நம்பி நல்ல வண்டிகளைக் காயலான் கடையில் கொடுத்தவர்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டி, கட்டணமும் பசுமை வரியும் கட்டினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது டெல்லிக்கும் அதைச் சுற்றிய பகுதிக்கும் மட்டும். அந்தச் செய்தி தெற்கே வந்து சேர்வதற்குள் நாடு முழுவதற்குமான சட்டமாக மாறிவிட்டது.

இதற்கு நேரெதிரான நம்பிக்கையும் இருக்கிறது: 'வின்டேஜ்' பதிவு வாங்கிவிட்டால் எல்லாச் சிக்கலும் தீரும் என்று. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேசிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கு அந்தத் தகுதி உண்டு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்தாண்டுக்குப் பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். செஞ்சிக் கடைத்தெருவுக்கும் திண்டிவனத்துக்கும் போய்வர நினைப்பவருக்குச் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதுதான் சரி. வாங்கும்போதே ஆர்.சி புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

"புல்லட் கிக்கர் காலை உடைத்துவிடும்"

உடைத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு உடல்பலம் போதாதது காரணமில்லை. பிஸ்டன் மேல்முனையைத் தொடுவதற்கு முன்பே பிளக்கில் பொறி விழுந்து, பிஸ்டன் கீழே தள்ளப்படும்போதுதான் கிக்கர் திருப்பி உதைக்கிறது. இக்னிஷன் டைமிங் முன்னால் போயிருந்தாலும், தானாக அட்வான்ஸ் ஆகும் அமைப்பின் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தாலும், கிக்கரைத் தயங்கித் தயங்கி மிதித்தாலும் இது நடக்கும்.

பாயிண்ட் உள்ள புல்லட்டில் ஹெட்லைட் கூண்டில் இருக்கும் ஆம்பியர் மீட்டரே வழிகாட்டி. சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்வரை முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எதிர்ப்பு கூடி, முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் சற்றே தள்ளி, லீவரை விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மூச்சில் கடைசிவரை மிதியுங்கள். ஐம்பது கிலோ எடையுள்ளவர்கூட இப்படிக் கிளப்பிவிடலாம். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லும்போது முள்ளை மட்டும் பாருங்கள்.

ஓட்டுவதிலும் ஓர் ஆபத்தான நம்பிக்கை இருக்கிறது. 'பைக் ஓட்டத் தெரிந்தவன் எந்த பைக்கையும் ஓட்டுவான்' என்பது அது. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய வண்டியில் பழகியவர் திருவண்ணாமலை சாலையில் திடீரென்று மாடு குறுக்கே வந்தால் வலது காலைத்தான் அழுத்துவார். பிரேக் பிடிக்காது, அடுத்த கியர் விழும். இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் புது வண்டி நிற்கும் தூரத்தில் இது நிற்காது. காலுக்குப் புதுப் பழக்கம் வரும்வரை ஏரிக்கரையோரமோ அறுவடை முடிந்த களத்திலோ ஓட்டிப் பழகிவிட்டுப் பிறகு சாலைக்கு வாருங்கள்.

சைலன்சரைக் கழற்றினால்தான் அசல் சத்தம் என்பார்கள். அந்தத் துடிப்பு சைலன்சரிலிருந்து பிறப்பதில்லை. 70 மில்லிமீட்டர் அகலமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட ஒற்றை சிலிண்டர், கனமான ஃபிளைவீல், நிதானமான சுழற்சி ஆகியவற்றிலிருந்து பிறக்கிறது. ஐடிலில் நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்தால், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நொடிக்கு ஏழெட்டு முறைதான் வெடிக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுவது அதனால்தான். சைலன்சரைத் துளைத்தால் அந்த இடைவெளி இரைச்சலில் மூழ்கிப்போகும். கார்பரேட்டரின் கலவைக் கணக்கும் குலையும், அபராதமும் உண்டு. நல்ல சைலன்சர் போட்ட புல்லட்டின் ஓசை எனக்கு உயிர். துளைத்த சைலன்சர் வைத்திருப்பவர் அந்த ஓசையை இன்னும் கேட்கவே இல்லை.

"பழைய எஞ்சினுக்கு விலை கூடிய பெட்ரோல் போடணும்"

தேவையே இல்லை. அதிக ஆக்டேன் என்பது, அதிகமாக அழுத்தினாலும் தானாக வெடிக்காத தன்மை. பழைய 350 சிசி புல்லட்டின் கம்ப்ரஷன் விகிதம் சுமார் 6.5:1. சாதாரண பெட்ரோலே அதற்குத் தாராளம். கவலைப்பட வேண்டியது ஆக்டேனைப் பற்றியல்ல, எத்தனாலைப் பற்றி. இன்று பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் டேப்பின் கார்க்கையும் ஊறவைத்துக் கெடுக்கும். காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்க வேறென்ன வேண்டும்? ஹோஸ், டேப் வாஷர், ஃபுளோட் கிண்ணத்தின் கேஸ்கட் மூன்றையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள். நீண்ட நாள் நிறுத்துவதானால் டேங்கையும் கார்பரேட்டரையும் வடித்துவிடுங்கள். கலவை மெலிந்து எஞ்சின் அதிகம் சூடானால் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கிப் பாருங்கள்.

ஜாவாவோ எஸ்டியோ வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மைசூரில் ஐடியல் ஜாவா 1961-இல் தொடங்கி 1996 வரை செய்த அந்த டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில், பெட்ரோலில் எண்ணெய் கூடக் கலந்தால் எஞ்சின் நீண்ட நாள் உழைக்கும் என்று நம்புகிறார்கள். கூடுதல் எண்ணெய் பிளக்கைக் கரியாக்கும், எக்ஸாஸ்ட் வாயை அடைக்கும். ஜெட் வழியே போகும் திரவத்தில் எண்ணெய் கூடினால் பெட்ரோல் குறையும், கலவை மெலியும். கையேட்டில் போட்ட அளவே அளவு.

இனி சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். "டேங்க் காலிதானே, வெல்டிங் வைக்கலாம்" என்பது உயிரைப் பறிக்கும் நம்பிக்கை. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். கழுவினாலும் மூட்டுகளிலும் துருவிலும் ஊறிய பெட்ரோல் சூடு பட்டதும் ஆவியாக வெளிவரும். வீட்டில் இதைச் செய்யாதீர்கள். இந்த வேலையே தொழிலாகச் செய்கிறவரிடம் கொடுங்கள், முன்பு இதில் பெட்ரோல் இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லியும் கொடுங்கள். பழைய பிரேக் ஷூவின் தூசியையும் ஊதாதீர்கள். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள்.

"பெயின்ட் அடித்து குரோம் பூசினால் ரெஸ்டோர் முடிந்தது"

இல்லை, பல வண்டிகள் அங்கேதான் அழிகின்றன. சென்னைத் தொழிற்சாலையிலிருந்து வந்த புல்லட் டேங்கின் தங்கக் கோடு ஸ்டிக்கர் அல்ல. தூரிகையைப் பிடித்து, டேங்கின் வளைவோடு கையையும் வளைத்து ஒரே இழுப்பில் போட்டது. உற்றுப் பார்த்தால் கோடு தொடங்கும் இடத்தில் சற்றே தடித்திருக்கும், முடியும் இடத்தில் மெலிந்திருக்கும். அப்படியொரு கோடு மங்கலாகவேனும் மிஞ்சியிருந்தால் அந்த டேங்கைச் சுரண்டாதீர்கள். முதலில் மெழுகு பூசித் துடைத்துப் பாருங்கள். திரும்ப அடித்த பெயின்ட் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், அந்தக் கோடு கிடைக்காது.

பாகம் கிடைக்காது என்ற பயமும் பெரும்பாலும் வீண். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது, திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது. அரைநூற்றாண்டு ஏறக்குறைய ஒரே அமைப்பில் ஓடிய எஞ்சின் என்பதால், சென்னை ஜி.பி. ரோட்டில் புதுப் பாகமும் புதுப்பேட்டையில் பழைய பாகமும் இன்றும் கிடைக்கின்றன. அங்கே தேவைப்படுவது தரத்தைப் பிரித்தறியும் கண். மட்டமான உலோகத்தில் வார்த்த புதுப் பாகத்தைவிடத் தேயாத பழைய அசல் பாகம் மேல்.

"மெக்கானிக் இல்லாமல் வீட்டில் ஒன்றும் ஆகாது" என்பவர்களுக்கு ஜி.டி. நாயுடுவைச் சொல்வேன். படிப்பை விட்ட இளைஞர், கோயம்புத்தூரில் ஓட்டல் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டியே எந்திரம் கற்றார். டாப்பட் சரிசெய்வது, பாயிண்ட் இடைவெளி வைப்பது, கார்பரேட்டர் கழுவுவது, கேபிள், பிரேக், வயரிங், வீல் பேரிங் எல்லாம் வீட்டு முற்றத்திலேயே முடியும். டாப்பட்டுக்கு ஃபீலர் கேஜ்கூட வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்க, புஷ்ராடு விரலால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான் அளவு.

கிராங்க் அலைன்மென்டும் சிலிண்டர் போர் வேலையும் மட்டும் லேத்துக்குப் போகட்டும். போவதற்கு முன் ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கிவிடுங்கள், சிலிண்டரோடு அதையும் கொடுத்து அந்த பிஸ்டனுக்கே அளந்து போர் போடச் சொல்லுங்கள். முதலில் போர் போட்டுவிட்டு அந்த அளவில் பிஸ்டன் தேடி அலைந்தால், கிடைத்ததைப் போட்டுக்கொள்ள நேரும், வண்டி ஒன்று பிடிக்கும் அல்லது புகைக்கும்.