முயல் கொழுப்பு ஏன் மஞ்சளாகிறது?

கூட்டில் முயல் வளர்க்கும் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. தோலை உரித்தால் கொழுப்பு மஞ்சளாக இருக்கும். "இது மஞ்சக்காமாலை"ன்னு சொல்லி வாங்க வந்தவர் திரும்பிப் போவார். இறைச்சி குப்பைக்குப் போகும். இதன் காரணத்தை நாம் தெரிந்துகொள்வோம்.

புல்லிலும் பச்சை இலையிலும் மஞ்சள் சாயம் இருக்கிறது. பச்சை நிறம் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெரும்பாலான முயல்களின் உடம்பில் ஒரு நொதியம் இச்சாயத்தை உடைத்துவிடும். கொழுப்பு வெள்ளையாகவே இருக்கும். சில முயல்களில் அந்த நொதியம் சரியாக வேலை செய்யாது. அப்போது சாயம் கொழுப்பிலே தங்கிவிடும்.

இது பரம்பரைக் குணம். ஒவ்வொரு குட்டிக்கும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பரம்பரை அலகுகள் கிடைக்கின்றன. இரண்டும் பழுதானால்தான் கொழுப்பு மஞ்சளாகும். ஒன்று நல்லதாக இருந்தாலே போதும், கொழுப்பு வெள்ளைதான். ஆனால் அந்த முயல் பழுதை மறைவாகச் சுமந்து, குட்டிகளுக்குக் கொடுக்கும். இப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால், சராசரியாக 4 குட்டிக்கு 1 மஞ்சளாகும். வெள்ளை ரோமம் இருந்தால் வெள்ளைக் கொழுப்பு என்று நினைக்க வேண்டாம்.

மஞ்சள் குணமுள்ள முயலுக்கும் பச்சைத் தீனி குறைவாகவே கொடுத்து வந்தால் கொழுப்பு அவ்வளவு மஞ்சளாகாது. அதற்காகப் புல்லை நிறுத்த வேண்டாம். அதுதானே செலவில்லாத தீனி! இனவிருத்தியைக் கவனித்தால் போதும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. எந்தக் குட்டிக்கு எது தாய், எது தகப்பன் என்று கூட்டிலே அட்டை கட்டி எழுதி வையுங்கள்.

2. மஞ்சள் கொழுப்பு கண்டால், அந்தக் குட்டியின் தாய், தகப்பன் இரண்டுமே பழுதைச் சுமப்பவை. தகப்பனை முதலில் மாற்றுங்கள். ஒரு கிடாய் பல பெட்டைகளுக்கு அதைப் பரப்பும்.

3. புதுக் கிடாயை, மஞ்சள் குட்டி பெற்ற பெட்டையின் சொந்தக் குடும்பத்திலிருந்து எடுக்காதீர்கள்.

மஞ்சள் கொழுப்புள்ள நல்ல முயலின் இறைச்சியைத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் கண்ணின் வெள்ளை, வாயின் உட்பக்கம் எல்லாம் மஞ்சளாகி, முயல் வாடி இருந்தால் அது நோயாக இருக்கலாம். அதைச் சமைக்காமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால், நல்ல கறி குப்பைக்குப் போகாது; நோயுள்ளது பிள்ளைகளின் தட்டுக்கும் வராது.