பழைய நிரலும் புதிய இயங்குதளமும்

அரசு மாறலாம், சட்டமும் மாறலாம். ஆயின், முன்பு எழுதிய பத்திரங்கள் யாவும் நாளை முதல் செல்லா என்று அறிவித்துவிட்டால் வீட்டுக்கு உரியவன் என் செய்வான்? கணினித் துறையிலும் இத்தகைய வினா எழுகின்றது. நேற்று எழுதிய நிரல் இன்றைய இயங்குதளத்தில் ஓடுமா? ஓடச் செய்யும் கடமை யாருடையது? மூலநிரலை எவரும் காணவும் திருத்தவும் உரிமையுள்ள லினக்சை எடுத்துக்கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

எந்த நிரலும் எல்லா வேலைகளையும் தானே செய்துகொள்வதில்லை. ஒரு கோப்பைத் திறக்க வேண்டுமாயின், இயங்குதளத்தின் உட்பகுதியாகிய கெர்னலிடம் அது வேண்டுகின்றது. அவ்வேண்டுகோள் சொல்லால் அன்று, எண்ணால் அமைவது. இன்டெல் வகைக் கணினிகளில், 32-பிட் லினக்சுக்குக் கோப்பைத் திறக்கும் எண் 5. 64-பிட் லினக்சில் அதே வேலைக்கு எண் 2; அங்கே 5 என்பது, திறந்துள்ள கோப்பின் விவரங்களைக் கேட்கும் எண். பழைய நிரல் 5 என்று கூற, புதிய கெர்னல் தன் பட்டியலைப் பார்த்துப் பொருள் கொண்டால் விளைவு என்ன? கேட்டது ஒன்று, கிடைப்பது மற்றொன்று! ஆகவே, இவ்வசதியோடு அமைத்த 64-பிட் கெர்னல் இரண்டு பட்டியல்களையும் வைத்துக்கொள்கின்றது. வேண்டுகோள் எவ்வழியே வந்தது என்று நோக்கி, அதற்குரிய பட்டியலின்படி விடை தருகின்றது.

1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்தபோது லினக்சைத் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அவர் வலியுறுத்திவரும் விதி ஒன்றுண்டு. முன்பு ஓடிய நிரல் கெர்னலில் செய்த மாற்றத்தால் நின்றுபோனால், குற்றம் நிரலுடையது அன்று. கெர்னலுடையதே என்பது அவ்விதி.

வாயில் திறந்திருந்தால் மட்டும் போதுமா? வாயிலை அடையப் படிக்கட்டும் வேண்டுமன்றோ? நிரல்கள் பல, கெர்னலை மட்டுமின்றிப் பொது நூலகங்கள் எனப்படும் துணைநிரல் தொகுதிகளையும் சார்ந்து நிற்பன. அவற்றைத் திரட்டித் தருவோர் உபுண்டு, டெபியன் போன்ற வெளியீட்டாளர்கள். 2019 ஜூனில், உபுண்டுவின் 19.10 பதிப்பு முதல் 32-பிட் தொகுதிகளைத் தரப்போவதில்லை என்று கனோனிக்கல் நிறுவனம் அறிவித்தது. விண்டோசுக்கென எழுதிய நிரல்களை லினக்சில் ஓட்டும் ‘வைன்’ திட்டத்தாரும், ‘ஸ்டீம்’ என்னும் விளையாட்டு அங்காடியை நடத்தும் வால்வ் நிறுவனத்தாரும் இதனால் நேரும் இடர்ப்பாட்டை எடுத்துரைத்தனர். சில நாட்களிலேயே முடிவு மாறிற்று. தேவையான 32-பிட் தொகுதிகளைத் தொடர்ந்து தர நிறுவனம் இசைந்தது.

இதற்கு மாறான கதையும் உண்டு. லினக்சின் தொடக்க ஆண்டுகளில் ஓடும் நிரல்கள் ‘ஏ.அவுட்’ என்னும் கோப்பு வடிவில் இருந்தன. ‘எல்ஃப்’ வடிவம் வந்தபின் அதனைப் பயன்படுத்துவோர் அருகினர். 2019-இல் கைவிடத்தக்கது எனக் குறிக்கப்பட்டு, 2022-இல் அது இன்டெல் வகைக் கணினிகளுக்கான கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. மௌனம் சம்மதம் என்பர். திறந்த மூலநிரல் உலகில் மௌனத்திற்கு, ‘இங்கு யாரும் இல்லை’ என்றே பொருள் கொள்வர்.

இவ்வாறு நீக்குவது கொடுமை என்று கூறிவிடலாமா? கூடாது. வைத்திருக்கும் ஒவ்வொரு பழைய வாயிலுக்கும் காவல் வேண்டும். காவலற்ற வாயில் கள்வனுக்கும் வழியாகும். அக்காவலை ஏற்போர் பலர் ஓய்வு நேரத்தில் உழைக்கும் தொண்டர்கள்.

சில வேளைகளில் பழமையைக் காப்பதற்கே விலை கொடுக்க நேர்கின்றது. 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளை எண்ணிக் காலத்தைக் குறிப்பது யூனிக்ஸ் மரபு. நேர், எதிர் எண்கள் இரண்டையும் குறிக்கும் முறையில் 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. 2038 ஜனவரி 19 அன்று அந்த எல்லை எட்டப்படும். ஆகவே, 2025-இல் வெளிவந்த டெபியன் 13, தன் 32-பிட் ஆர்ம் வகைக்குக் காலத்தை 64 பிட்டாக அகலப்படுத்தியது. ஆயின், 32-பிட் இன்டெல் வகையை மட்டும் பழையபடியே விட்டது. ஏன்? பழைய நிரல்களை ஓட்டுவதற்காகவே அவ்வகை இன்று வைக்கப்பட்டுள்ளது. அகலப்படுத்தினால் அந்நிரல்கள் நின்றுபோகும். விட்டாலோ 2038-இல் காலக் கணக்கில் தடுமாறும். இரண்டனுள் இன்று ஓடுவதே மேல் என்று முடிவு செய்தனர்.

இதில் தமிழுக்கும் பங்குண்டு. ஒருங்குறி பரவுமுன் நம்மவர் ‘திஸ்கி’ முதலிய குறியீடுகளில் எழுதினர். மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் திஸ்கியில் வந்தன. இன்றைய திரையில் அக்கோப்பை அப்படியே திறந்தால் தோன்றுவன பொருளற்ற குறிகளே. ஆயினும், லினக்சில் பயன்படும் குனு சி நூலகத்தின் எழுத்துமாற்றியில் திஸ்கியும் இடம்பெற்றுள்ளது. அதனால் ஒரே கட்டளையில் அக்கோப்பை ஒருங்குறிக்கு மாற்றலாம். தமிழர் அல்லாதாரும் சேர்ந்து பேணும் பொது நூலகத்தில், நம் பழைய எழுத்துக்கும் ஒரு வாயில் திறந்திருக்கின்றது!

மாணவத் தோழர்களே! ஆய்வுக்கு நிரல் எழுதுவோர் நம்முள் பலர். நாம் செய்யத்தக்கவை மூன்று. ஓடும் கோப்பை மட்டும் வைக்காது மூலநிரலையும் காத்தல் முதலாவது. மூலநிரல் இருப்பின் புதிய கணினிக்கேற்ப அதனைத் திருத்தி அமைக்க இயலும். அஃது இல்லாதபோதே பிறர் தயவை நாட வேண்டும். எந்தப் பதிப்பில், எந்த நூலகங்களோடு ஓடியது என்று எழுதிவைத்தல் இரண்டாவது. பழைய நிரல் நின்றுபோனால் முணுமுணுத்து ஒதுங்காமல், பேணுவோருக்குத் தெளிவாக எழுதித் தெரிவித்தல் மூன்றாவது. இயலுமாயின் திருத்தத்தையும் நாமே எழுதி அனுப்பலாம். அங்கே பட்டமும் பதவியும் கேட்பதில்லை, கதவும் சாத்தியிருப்பதில்லை. நாம் வாய் திறந்தால் பழைய வாயிலும் திறந்திருக்கும்.