குடுவையும் பந்தலும்

புவி வெப்பமடைவதை மாணவர்க்கு விளக்க ஆசிரியர்கள் பெரிதும் கையாளும் சோதனை ஒன்றுண்டு. இரு கண்ணாடிக் குடுவைகளில் வெப்பமானிகளை இட்டு, ஒன்றை மூடி, மற்றொன்றைத் திறந்து வெயிலில் வைப்பர். மூடிய குடுவை மிகுதியாகச் சூடேறும். 'இதுவே பசுமைக்குடில் விளைவு' எனப் பாடம் முடியும். அம்முடிவு பொருந்துமா என ஈண்டு ஆராய்வோம்.

1909ஆம் ஆண்டு அமெரிக்க இயற்பியலறிஞர் ராபர்ட் வுட், ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும் மற்றொன்றை இந்துப்புப் பாளத்தாலும் மூடி வெயிலில் வைத்தார். கண்ணாடி அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும், இந்துப்பு தடுக்காது. கண்ணாடி வழியே வடிகட்டிய வெயிலில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் சூடேறின. எனவே, குடிலின் வெப்பத்திற்கு முதற்காரணம் சூடான காற்று வெளியேற இயலாமையே என்பது தெளிவாயிற்று.

வளிமண்டலத்திற்கு அத்தகைய மூடியில்லை. சூடேறிய நிலம் அகச்சிவப்புக் கதிர்களை உமிழ, நீராவியும் கரியமில வாயுவும் அவற்றை உட்கொண்டு ஒரு பகுதியை நிலத்திற்கே திருப்புகின்றன. வாயுக்களின் இவ்வியல்பை 1859இல் ஜான் டிண்டல் அளந்து காட்டினார். இக்காப்பின்றேல் புவியின் சராசரி வெப்பநிலை 15 பாகை செல்சியசாக இராது. உறைநிலைக்குக் கீழ் 18 பாகையாக இருக்கும்.

உவமை வினையாலும் பயனாலும் வடிவாலும் நிறத்தாலும் அமையும் என்பது தொல்காப்பியர் கொள்கை. குடிலும் வளிமண்டலமும் பயனால் ஒக்கும், வினையால் ஒவ்வா.

வினையாலும் ஒக்கும் சோதனைக்கு நம் முற்றமே போதும். மேகமும் காற்றும் அற்ற மார்கழி இரவில், பொழுது சாய்ந்தபின், கன்னிப்பூ வைக்கோலை இரு இடங்களில் பரப்பி, ஒவ்வொன்றின்மீதும் ஒரு வெப்பமானியை வைப்போம். ஒன்றின்மேல் மட்டும் நாற்புறமும் திறந்த ஓலைப் பந்தல் இடுவோம். விடியுமுன் நோக்கின், வெட்டவெளியில் உள்ளது குறைந்த வெப்பத்தைக் காட்டும். பனியும் அங்கேயே மிகுதியாகப் படிந்திருக்கும். பந்தல் காற்றை அடைக்கவில்லை, கதிரையே திருப்பியது. மூட்டமான இரவில் இவ்வேறுபாடு குறையும். அப்போது மேகமே பந்தலாகிறது.

ஹவாய்த் தீவின் மௌனலோவாவில் 1958இல் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்காக அளக்கப்பட்ட கரியமில வாயு, 2024இல் 420ஐக் கடந்திருந்தது. பந்தல் அடர்ந்து வருகிறது, கடல்மட்டமும் உயர்கிறது. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை அலையோரம் வாழ்வோரின் பிள்ளைகள் நம் வகுப்பறையில் அமர்ந்துள்ளனர். பிழையான காரணத்தால் நிறுவப்பட்ட உண்மை, அப்பிழை வெளிப்படும் நாளில் தானும் ஐயத்திற்குள்ளாகும். ஆகவே அவர்கட்கு விளைவோடு வினையையும் பிழையறக் கற்பித்தல் ஆசிரியர் கடனாகும்.