வால்வுகளின் தேய்மானமும் அணுமின் நிலையப் பாதுகாப்பும்

பொருளாதார மாணவர்களுக்குத் 'தேய்மானம்' என்பது பழக்கமான சொல். ஓர் இயந்திரத்தின் விலையில் ஆண்டுதோறும் ஒரு பகுதியைக் கணக்கில் கழித்துக்கொண்டே வருகிறோம். ஆனால் இயந்திரத்துக்குள் நிகழும் தேய்மானம் கணக்கேட்டின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டதன்று. நெடுங்காலம் வெளியில் தெரியாமல் இருந்து, ஒரு நாள் திடீரென வெளிப்படுவது அதன் இயல்பு. அணுமின் நிலையங்களின் நீராவி அமைப்பில் உள்ள வால்வுகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

ஈர நீராவியின் தன்மை

நிலக்கரியால் இயங்கும் பெரிய அனல்மின் நிலையங்களில் நீராவி 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேற்றப்படுகிறது. அது உலர்ந்த நீராவி. தாராப்பூரில் 1969-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய கொதிநீர் உலைகளிலும், கல்பாக்கத்தில் உள்ளவை போன்ற அழுத்தக் கன நீர் உலைகளிலும் நிலைமை வேறு. அவற்றில் நீராவியின் வெப்பநிலை ஏறத்தாழ 250 முதல் 290 டிகிரி வரைதான். கொதிநிலையை ஒட்டியே இருப்பதால், அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் அதில் நீர்த்துளிகள் தோன்றுகின்றன. மிகுந்த வேகத்தில் செல்லும் இத்துளிகள் உலோகத்தை அரிக்க வல்லவை.

தேய்மானத்தின் மூன்று வகைகள்

முதலாவது, இருக்கைப் பரப்பின் அரிப்பு. வால்வு மூடும்பொழுது அதன் தட்டு இருக்கையின் மீது இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். மயிரிழை அளவு இடைவெளி இருப்பினும் நீராவி அதன் வழியே சீறிப் பாய்ந்து, உலோகத்தில் கோடு போட்டாற்போல் பள்ளம் அறுத்துவிடும். கசிவு பள்ளத்தை ஆழமாக்கும்; பள்ளம் கசிவைப் பெருக்கும்.

இரண்டாவது, சுவர் மெலிதல். கார்பன் எஃகின் மேல் படியும் பாதுகாப்பு ஆக்சைடு படலம், ஓடும் நீரில் சிறிது சிறிதாகக் கரைந்துபோகிறது. ஓட்டம் கொந்தளிக்கும் இடங்களில், குறிப்பாக வால்வுகளுக்கும் வளைவுகளுக்கும் அடுத்த பகுதிகளில், இது விரைவாக நிகழும். ஜப்பானில் மிஹாமா நிலையத்தின் மூன்றாம் அலகில் 2004 ஆகஸ்ட் 9 அன்று ஒரு குழாய் வெடித்து, தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். வெடித்தது ஓட்டத்தை அளக்கும் துளைத்தகட்டுக்கு அடுத்த பகுதியாகும். 10 மில்லிமீட்டராக இருந்த சுவர் அங்கே 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக மெலிந்திருந்தது. 1976-இல் நிலையம் இயங்கத் தொடங்கிய நாள் முதல் அவ்விடம் சோதிக்கப்படவே இல்லை. சோதனைப் பட்டியலில் அது விடுபட்டிருந்தது.

மூன்றாவது, இயங்காமை. பல பாதுகாப்பு வால்வுகள் மாதக்கணக்கில் அசையாமல் நிற்பவை. தண்டைச் சுற்றியுள்ள அடைப்புப் பொருள் இறுகினாலோ, மோட்டாரின் விசை அமைப்பு சரியாக இல்லாவிட்டாலோ, தேவைப்படும் கணத்தில் அவை அசைய மறுக்கும். அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் 1985 ஜூன் 9 அன்று துணை ஊட்டுநீர் வால்வுகள் மூடியபின் மீண்டும் திறக்கவில்லை. ஊழியர்கள் நேரில் சென்று கையால் திறக்க வேண்டியதாயிற்று.

திரீ மைல் தீவு தரும் பாடம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், திரீ மைல் தீவு நிலையத்தின் இரண்டாம் அலகில் 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணியளவில் ஊட்டுநீர் நின்றது. அழுத்தம் உயரவே, அதைத் தணிக்கும் வால்வு முறைப்படி திறந்தது. அழுத்தம் குறைந்ததும் அது மூடியிருக்க வேண்டும். ஆனால் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ, மூடுவதற்கான மின் ஆணை சென்றதை மட்டுமே காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. ஊழியர்கள் மூடிவிட்டதாகவே கருதினர். ஏறத்தாழ 2 மணி 20 நிமிட நேரம் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலைக்கருவில் பாதியளவு உருகியது. வணிக உற்பத்தி தொடங்கி மூன்று மாதங்களே ஆன அந்த அலகு பின்னர் இயங்கவே இல்லை. துப்புரவுப் பணி 1993 வரை நீடித்தது; அதற்கு ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவாயிற்று.

இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1977 செப்டம்பரில் டேவிஸ்-பெஸ்ஸியில் இதே பணிக்கான வால்வு இவ்வாறே திறந்து நின்றது. அங்குள்ளவர்கள் சுமார் 20 நிமிடங்களில் உணர்ந்து தடுத்துவிட்டனர். அந்த அனுபவம் ஒத்த வடிவமைப்புக் கொண்ட பிற நிலையங்களின் ஊழியர்களைச் சென்றடையவில்லை. குறை வால்வில் மட்டுமன்று; செய்தி செல்லும் வழியிலும் இருந்தது.

கடினமும் கதிர்வீச்சும்

அரிப்பைத் தாங்க, இருக்கைப் பரப்பில் கோபால்ட் கலந்த கடின உலோகம் பூசுவது வழக்கம். ஆனால் தேய்ந்துதிரும் கோபால்ட் துகள் நீருடன் உலைக்கருவை அடைந்தால், கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருளாக மாறுகிறது. அதன் அரை ஆயுள் 5 ஆண்டுகளுக்குச் சற்று மேல். வால்வைக் காக்கும் உலோகமே, அதைப் பழுதுபார்க்க வரும் தொழிலாளியின் உடலில் கதிர்வீச்சை ஏற்றுகிறது. கோபால்ட் இல்லாத கலப்புலோகங்கள் நாடப்படுவதன் காரணம் இதுவே.

செலவும் சிக்கனமும்

220 மெகாவாட் திறனுள்ள அலகு ஒன்று முழுத் திறனில் இயங்கும்பொழுது, ஒரு நாளில் 52.8 லட்சம் யூனிட் மின்சாரம் தரும். ஒரு வால்வின் பழுதால் அது ஒரு நாள் நின்றாலும் இவ்வளவும் இழப்பு. இதனுடன் ஒப்பிட்டால், உதிரிப் பாகங்களைக் கையிருப்பில் வைப்பதும், நிறுத்தக் காலத்தில் வால்வுகளைப் பிரித்துச் சோதிப்பதும் சிறு செலவே. எனினும் பராமரிப்புத் தொகை ஏட்டில் தெரிகிறது. தவிர்க்கப்பட்ட விபத்து எந்த ஏட்டிலும் தெரிவதில்லை. ஆகவே சிக்கனம் தேடுவோரின் கண் முதலில் பராமரிப்பின் மீதே விழுகிறது.

நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பர் 15 அன்று அமைக்கப்பட்டது. விதிமுறைகள் வகுப்பது ஒரு பகுதிப் பணியே. சோதனைப் பட்டியலில் எந்த இடமும் விடுபடாமை, கருவி காட்டுவது ஆணையையா உண்மை நிலையையா என்று கேட்கும் பழக்கம், ஓரிடத்தில் கண்ட குறையை மற்ற எல்லா இடங்களுக்கும் அறிவித்தல் ஆகிய மூன்றும் அன்றாட நிர்வாகத்தைச் சார்ந்தவை. இவற்றுக்குப் பெரும் முதலீடு தேவையில்லை. இடையறாத கவனம் தேவை. பராமரிப்பு ஒதுக்கீட்டைக் குறைக்கும் கோப்பில் கையொப்பமிடும் அதிகாரியும் நிலையப் பாதுகாப்பில் பொறுப்புடையவரே ஆவார்.